எழுந்திருங்க மேடம்

அக்டோபர் 3, புதன்

காலையில் ஏழாம் வகுப்பின் பின்னக் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உட்காராத வீட்டுக்காரர் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. மகன் இத்தாலியிலிருந்து திரும்புகிறானாம், கல்யாணமாம், இந்த இரண்டு அறையும் அவனுக்கு வேண்டுமாம். நவம்பர் கடைசிக்குள் நான் காலி செய்துவிட வேண்டுமாம்.

“ஒன்பது வருஷமா ஒரு மாசம்கூட வாடகை தள்ளிப் போனதில்லையே” என்றேன்.

“அதனாலதான் டீச்சர், ரெண்டு மாசம் டைம் தர்றேன். வேற ஆளா இருந்தா ரெண்டு வாரம்.”

நன்றி சொல்லி அனுப்பினேன். எதற்கு நன்றி? கதவைச் சாத்திய பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே கோபம் கதவு சாத்திய பிறகுதான் வரும்.

கினே உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “நாம எங்கம்மா போவோம்?”

“எங்கயும் போக மாட்டோம். இதே மெர்மோஸ்லதான் இருப்போம். உன் ஸ்கூல் இங்க, என் ஸ்கூல் இங்க.”

அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டக்காரில் வாடகை ஏறுவதை நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அக்டோபர் 6, சனி

கோராவைப் பார்த்தேன். வீட்டுத் தரகர். பெட்ரோல் பங்குக்கு எதிரே தேநீர்க் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று போன் — அதுதான் அலுவலகம். என்னால் எவ்வளவு வாடகை தர முடியும் என்று கேட்டான். சொன்னேன். மூன்று போனையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“மெர்மோஸ்லயா?”

“மெர்மோஸ்ல.”

“டீச்சரக்கா, அந்தக் காசுக்கு மெர்மோஸ்ல கார் நிறுத்த இடம் கிடைக்கும். கார் இருக்கா?”

இருந்தும் கூட்டிப்போகிறேன் என்றான். வீடு பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் அவனுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், வீடு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

அக்டோபர் 9, செவ்வாய்

ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மூன்று லட்சம் பிராங்க். என் சம்பளம் மூன்று லட்சத்து இருபதாயிரம். மிச்சத்தை வைத்துக்கொண்டு நானும் கினேயும் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம்.

அக்டோபர் 13, சனி

இன்று மூன்று வீடு.

முதல் வீட்டில் சமையலறை இல்லை. குளியலறையில் ஒரு பலகையைக் காட்டி, “அடுப்பை இங்க வச்சுக்கலாம், தண்ணியும் பக்கத்துலயே இருக்கு பாருங்க” என்றாள் அந்த அம்மாள், ஏதோ சலுகை தருவதுபோல.

இரண்டாவது வீடு நல்ல வீடு. வீட்டுக்காரர் கையில் ஜபமணி உருண்டுகொண்டிருந்தது. வேலை என்ன, சம்பளம் என்ன, பிள்ளை எத்தனை என்று கேட்கும்வரை உருண்டது. கணவர் எங்கே என்றார். விவாகரத்து என்றேன். நின்றுவிட்டது.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க நல்லவங்கதான், முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு விட்டா, தெருவுல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?”

அவரைப் பற்றி!

வெளியே வந்ததும் கோரா என்னைக் கோபித்துக்கொண்டான். “உண்மையை உங்ககிட்ட யாருக்கா கேட்டாங்க? புருஷன் இத்தாலியில இருக்காருன்னு சொல்லுங்க. இங்க பாதிப் பேருக்குப் புருஷன் அங்கதான்.”

மூன்றாவது வீட்டில் அப்படியே சொன்னேன். வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. “அப்போ வாடகையை யூரோவுல கொடுத்துடலாமே!”

அக்டோபர் 17, புதன்

பகாரி போன் செய்தான். கினேக்கு அப்பா, எனக்கு நான்கு வருடமாக யாருமில்லை. செய்தி அவன் காதுக்குப் போய்விட்டது.

“நான் சண்டைக்கு வரல நஃபி. நீ மெர்மோஸ்லயே வீடு பார்த்துட்டா ஒரு பேச்சும் இல்ல. ஆனா கேர் மசார் அந்தப் பக்கம் போய்ட்டா, பதினோரு வயசுப் பொண்ணைத் தினமும் நாலு மணிக்கு எழுப்பி பஸ்ல ஏத்துவியா? அவ இங்க என்கிட்ட இருக்கட்டும். சனி ஞாயிறு நீ வந்து கூட்டிட்டுப் போ.”

ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவனோடு எப்போதும் தொல்லை. அவன் வீடு பள்ளியிலிருந்து ஐந்து நிமிடம். கினேக்குத் தனி அறை, ஏசி. புது மனைவி அஸ்து நல்ல பெண். கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என்னத்த யோசிக்கிறது? சனி ஞாயிறு மட்டும் பிள்ளையைப் பார்க்கிற அம்மாவா நான்? முடியாது. என்னால முடியாது. எலிப்பொந்து கிடைச்சாலும் சரி, அது மெர்மோஸ்ல இருக்கணும்.

அக்டோபர் 27, சனி

மகால் யாத்திரைக்கு நகரமே தூபா என்ற புனித ஊருக்குக் கிளம்பிவிட்டது. கோராவும் போய்விட்டான், மூன்று போனும் அணைந்திருக்கின்றன. தெருவில் வீடு வீடாகப் பூட்டு. இத்தனை வீடு காலியாகக் கிடக்க, எனக்கு ஒன்று கிடைக்கவில்லை.

நவம்பர் 5, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தால் என் வீட்டுக்குள் ஓர் இளைஞன் ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர்தான் திறந்துவிட்டாராம். யாரப்பா நீ என்றேன். இன்டர்நெட்டில் போடுவதற்காம், வெளிநாட்டுக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறார்களாம்.

“அப்போ மகன் கல்யாணம்?”

“எந்த மகன்?”

நான் சொன்ன கணவரும் அவர் சொன்ன மகனும் இத்தாலியில் ஒரே வீட்டில் குடியிருப்பார்கள் போலிருக்கிறது. அவர்களுக்காவது கிடைத்ததே.

நவம்பர் 10, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

கோரா கூட்டிப்போனான். “இதுதான் கடைசி, டீச்சரக்கா. சேன் அம்மா. மீன் மொத்த வியாபாரம். வாய் கொஞ்சம் நீளம், வாடகை கொஞ்சம் கம்மி.” வீட்டுக்குப் பின்பக்கம் இரண்டு அறை, தனி சமையலறை. முற்றத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன, மீன் வாடை ஆளைத் தூக்கியது. எனக்குப் பிடித்துவிட்டது. கினேயின் மேஜையை எந்த ஜன்னலடியில் போடுவது என்றுகூட முடிவுசெய்துவிட்டேன்.

அந்த அம்மாளுக்கு அறுபது இருக்கும். பல் குச்சியை மென்றபடி, “வாங்க டீச்சர், பாருங்க, தண்ணி நல்லா வரும்” என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். கணவர் எங்கே என்று கேட்கவே இல்லை. பெயரை மட்டும் கேட்டாள்.

“நஃபி சான்யா.”

குச்சி நின்றது. “சான்யாவா? ஜோலாவா நீ?”

அந்த நொடியிலிருந்து நீ.

“என் வீட்ல அடிமைங்களுக்கு ரூம் கிடையாது. வேணும்னா கொல்லையில ஆட்டுக்குப் பக்கத்துல படுத்துக்க.” முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

இருபத்து மூன்று வீடு பார்த்தாயிற்று. எல்லோரும் இல்லை என்றார்கள், யாரும் இப்படிச் சொல்லவில்லை. “யாரைப் பார்த்து அடிமைங்கிறீங்க? இருபது வருஷமா பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்றவ நான்! உங்க வீட்டை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!” என்று கத்திவிட்டு வந்தேன். இரும்புக் கதவை நான் அறைந்த சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. கோரா பின்னாலேயே ஓடிவந்து ஏதோ சொன்னான், நான் காதில் வாங்கவில்லை.

இன்றைக்கு மட்டும் கோபம் கதவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நல்லதுதான்.

நவம்பர் 11, ஞாயிறு

நல்லதில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது கினேயிடம் சொன்னேன். அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள். “அவங்க பேரு என்னம்மா?”

“திபோர் சேன்.”

“சேன்னா செரேர் இல்ல?”

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

“நீ திருப்பி என்ன திட்டின?”

“திட்டலை. கோவப்பட்டேன்.”

“முறைக்காரங்ககிட்டயா?” நான் தெருவில் துணியில்லாமல் நடந்துவிட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

செரேர் இனத்துக்கும் எங்கள் ஜோலா இனத்துக்கும் கேலி முறை என்பது எங்கள் நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பார்த்த இடத்தில் அடிமை என்பார்கள், நாமும் அடிமை என்போம். அவர்கள் ஒன்று திட்டினால் நாம் இரண்டு திட்ட வேண்டும். கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. கோபம் மட்டும் படவே கூடாது. அந்த அம்மாள் ‘நீ’ என்று ஆரம்பித்ததே என்னைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம். ஆட்டுக்குப் பக்கத்தில் படு என்றால், சாவியை வாங்கிக்கொள் என்று அர்த்தம்! சிரிக்காமல் சொல்வதுதான் அதில் கெட்டிக்காரத்தனம், அதுவும் எனக்குத் தெரியும்.

தெரிந்து என்ன? ஒரு மாதத்துக்கு மேலாக எல்லோரும் நிஜமாகவே இல்லை என்றதில், விளையாட்டுக்கு இல்லை என்ற ஒருத்தியை எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. சேன் என்ற பெயரை கோரா சொன்னானே, காதில் விழுந்ததே. முட்டாள். முட்டாள் கழுதை.

நவம்பர் 12, திங்கள்

பள்ளி விட்டதும், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் கோலாக்கொட்டை வாங்கிக்கொண்டு போனேன். திபோர் சேன் கதவைத் திறந்தாள்.

“வாங்க மேடம். சொல்லுங்க மேடம்.”

அப்போதே தெரிந்துவிட்டது.

“அன்னைக்கு நான் புரிஞ்சுக்காம—”

“பரவாயில்லைங்க மேடம். நான்தான் உங்க மனசை நோகடிச்சுட்டேன். ரூம் பேசி முடிச்சாச்சுங்க. பேங்க்ல வேலை பார்க்கிறவரு, சனிக்கிழமை பணத்தோட வர்றாரு.”

கோலாக்கொட்டையை அவள் தொடவில்லை. திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னாள். “எங்கம்மா காலத்திலேர்ந்து இந்த வாசல்ல ஒரு ஜோலாவும் கோவப்பட்டதில்லைங்க மேடம்.” அடிமை என்றபோது எனக்கு வலித்தது. இந்த மேடம் அதைவிட வலித்தது.

நவம்பர் 15, வியாழன்

மதியத்துக்கு மேல் விடுப்புப் போட்டுவிட்டு கேர் மசார் போய்வந்தேன். பஸ்ஸில் போக இரண்டு மணி இருபது நிமிடம். மூன்று அறை, மாடி, காற்று. வாடகை நான் இப்போது கொடுப்பதில் பாதி. வீட்டுக்காரர் விவாகரத்தைப் பற்றி அக்கறைப்படவே இல்லை, “நாளைக்கே வாங்க” என்றார். இத்தனை நாளில் என்னிடம் சரி என்று சொன்ன முதல் ஆள். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பாவம், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கினே கேட்டாள்: “அப்பா வீட்டுக்கு என் தலையணையை எடுத்துட்டுப் போகலாமா? இல்ல, அது கேர் மசார்லதான் இருக்கணுமா?”

நவம்பர் 17, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான்தானா செய்தேன் என்று நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

பெரியப்பா இறந்தபோது, அவருக்காக வெட்டிய குழிக்குள் ஒரு செரேர்க்காரர் இறங்கிப் படுத்துக்கொண்டார். எனக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தால்தான் எழுவேன், இந்த ஜோலாவுக்கு இவ்வளவு நல்ல குழி எதற்கு என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. முறைக்காரர் படுத்துவிட்டால் தூக்கக் கூடாது, கெஞ்சித்தான் எழுப்ப வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போது இது ஞாபகம் வந்தது.

பத்து மணிக்குப் போனேன். ஐஸ் வண்டி வந்திருந்ததால் கதவு திறந்திருந்தது. யாரையும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், கழுவிவிட்டிருந்த அறையின் நடுவில், பள்ளிக்குப் போடும் இஸ்திரி உடையோடு மல்லாந்து படுத்துவிட்டேன்.

திபோர் வந்து நின்றாள். “என்ன மேடம் இது? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். என் அடிமை வீட்ல படுத்திருக்கேன்.”

“தரை ஈரமா இருக்கு. எழுந்திருங்க மேடம்.”

“ஜோலா படுத்தா எழுப்பக் கூடாதுன்னு உன் அம்மா உனக்குச் சொல்லித் தரலையா?” அறுபது வயதுப் பெண்ணை நீ என்று சொல்லிவிட்டேன்.

“எழுந்திருங்க மேடம். ஆள் வர்ற நேரம்.”

ஆள் வந்தே விட்டார். வங்கிக்காரர், ஏசி மாட்ட ஜன்னலை அளக்க டேப்போடு. பின்னால் கோரா. என்னைப் பார்த்ததும் கோரா கூரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

“இவங்க யாரு?”

நான் தரையிலிருந்தே பேசினேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்.

“ஏய் திபோர்! ஆதியில உன் பாட்டியும் என் பாட்டியும் அக்கா தங்கச்சியா வந்த தோணி நடுக்கடல்ல ரெண்டா உடைஞ்சப்போ, நல்ல பாதி எங்ககிட்ட வந்துச்சு. ஓட்டைப் பாதியைப் பிடிச்சுட்டு நீங்க கரை சேர்ந்தீங்க. அன்னையிலேர்ந்து மீன் நாத்தம் போகலை உங்களுக்கு!”

அவள் உதடு அசைந்தது. பார்வை வங்கிக்காரர் பக்கம் போனது. இதுவும் போச்சா?

“நல்ல பாதியா?” என்றாள் மெதுவாக. “அந்தப் பாதியிலதான் சோத்துப் பானை இருந்துச்சு. அதைப் பிடிச்சுட்டுத்தானே நீந்தினீங்க? இன்னைக்கு வரைக்கும் கையை வெளிய எடுக்கலையே.” பிறகு பெருமூச்சு விட்டாள். “எழுந்திருடி, அடிமை. கழுவின தரையெல்லாம் அழுக்காக்கிட்டே.”

டி. இவ்வளவு இனிமையான ஒரு எழுத்தை நான் கேட்டதில்லை.

வங்கிக்காரர் தவித்துப்போனார். “அம்மா, நான் பணத்தோட வந்திருக்கேன்!”

“தெரியுது தம்பி. ஆனா இவ ஜோலா, படுத்துட்டா. நான் கைவச்சா எனக்கு ஆகாது. நீங்க வேணா தூக்கிப் போடறீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், டேப்பைச் சுருட்டினார். அவரும் நாலு மாதமாகத் தேடுகிறாராம், மனைவிக்கு இது ஏழாம் மாதமாம். “இனிமே இந்த ஊர்ல எல்லாரும் படுத்துத்தான் வீடு வாங்கணும் போல” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் தெருவுக்குப் போகும்வரை நான் எழவில்லை.

கோபப்பட்டதற்கு அபராதம்: வெள்ளிக்கிழமைதோறும் மீன் சோறு. மீன் அவளுடையது, சமையல் என்னுடையது.

நவம்பர் 18, ஞாயிறு

முதுகு பிடித்துக்கொண்டது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது, பைத்தியம் பிடிக்காத குறை. காலை ஐந்து மணிக்கு ஐஸ் பெட்டிகளைத் தடதடவென்று இழுக்கிறார்கள். படுக்கை விரிப்பு வரைக்கும் மீன் வாடை. திபோர் கதவைத் தட்டுவதே இல்லை, நேராக வந்து பானை மூடியைத் திறக்கிறாள், பெரிய துண்டு மீனாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறாள், “இதுக்குப் பேர் சோறா? எங்க ஆடு திங்காது” என்று தின்றுகொண்டே சொல்கிறாள். நேற்று என் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். கேட்டால், “அடிமைக்கு எதுக்குச் செருப்பு?”

கினே அவளுக்கு ஈடு கொடுக்கிறாள். இந்த வார்த்தைகளை எல்லாம் எங்கே கற்றாள் என்று நான் விசாரிக்கவில்லை. மேஜை ஜன்னலடியில்தான் போட்டிருக்கிறது.

பகாரி அடுத்த ஞாயிறு வீட்டைப் பார்க்க வருகிறானாம். பார்த்துவிட்டு முடிவு சொல்கிறானாம்.

டிசம்பர் 9, ஞாயிறு

முற்றத்தைக் காலையிலிருந்து இரண்டு தடவை கழுவினேன். வாடை போகவில்லை. திபோர் அவனை என்னவெல்லாம் சொல்லப்போகிறாளோ, அவன் முகம் எப்படிப் போகுமோ.

நாலு மணிக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தான். திபோர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “வணக்கம், நான் பகாரி கோலி, கினேயோட அப்பா” என்றான். கோலி, சான்யாவைப் போலவே அசல் ஜோலாப் பெயர். இப்போது அடிமை என்பாள் என்று காத்திருந்தேன்.

திபோர் எழுந்தாள். கையைத் துடைத்தாள். “வாங்க சார். உட்காருங்க சார். குடிக்க ஏதாச்சும் தரட்டுங்களா?”

கினே என் கையைப் பிடித்தாள்.

அவன் எல்லாவற்றையும் பார்த்தான். குழாயைத் திறந்து பார்த்தான், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தான், பள்ளிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டான். ஏழு என்றாள் கினே. “நல்ல இடம்தானுங்க சார், நீங்க கவலைப்படாதீங்க சார்” என்று திபோர் வாசல்வரை வந்து, நல்லபடியாகப் போய்வரச் சொல்லி, அவனுக்குக் காரின் கதவைக்கூடத் திறந்துவிட்டாள்.

கார்க் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னான்: “சரி நஃபி. கினே இங்கயே உன்கூட இருக்கட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாடை கொஞ்சம் இருக்கு. ஆனா உன் வீட்டுக்காரம்மா ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க” என்றான்.

அவன் கார் முனை திரும்பும்வரை நானும் கினேயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.